மேளம் இல்லாத கச்சேரி

இது நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதும் இல்லை, நித்திரையில் கண்டதும் இல்லை. நான் பக்கத்தில் நின்றேன். எழுத்துப் பழகியது நாற்பத்தெட்டு வயதில்தான், அதனால் எழுத்தில் பிழை இருக்கும். நடந்ததில் ஒரு பிழையும் இல்லை. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து வாசிக்கிறவர்கள் தயவுசெய்து கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் வலன்ரைன். மொன்றியலில் மேடை கட்டுகிற வேலை. கோடை வந்தால் ஒவ்வொரு சனி ஞாயிறும் ஏதோ ஒரு பூங்காவில் ஏதோ ஒரு விழா. இரும்புக் கால்களை நட்டு, குறுக்கே சட்டம் போட்டு, மேலே பலகை அடுக்கி, சுற்றிவரக் கறுப்புத் துணி கட்டுவோம். விழா முடிந்ததும் அதே இரவு கழற்றி லொறியில் ஏற்றுவோம். என்னோடு வின்சன்ட் வேலை செய்தான். மன்னார்ப் பெடியன், முப்பத்து நாலு வயது, மெலிந்த ஆள், வாய் ஓயாது. எங்கள் இரண்டு பேருக்கும் மேலே அரியரத்தினம் அண்ணை, சூப்பவைசர். அரியம் அண்ணை என்போம்.

போன வருடம் ஓகஸ்ட் மாதம், புவாண்ட்-கிளேர் பக்கம், ஏரிக்கரையில் ஒரு பூங்கா. வெள்ளைக்காரரின் மலைப்பாட்டு விழா. புளூகிராஸ் என்று சொல்வார்கள். அமெரிக்காவின் தெற்கு மலைகளில் இருக்கிற சனங்களின் பாட்டு. பாஞ்சோ, வயலின், மண்டலின், கிற்றார், ஆள் உயரத்தில் ஒரு பெரிய வயலின். மேளம் கிடையாது. அன்று வந்த குழு இன்னும் பழைய முறைக்காரர். ஐந்து பேரும் ஒரே ஒரு மைக்கைச் சுற்றி நின்று பாடுவார்கள். கச்சேரியை அப்படியே பதிந்து சீடி போடுகிறார்கள் என்று ஒலிப்பதிவு வான் ஒன்றும் வந்து நின்றது.

"மேளம் இல்லாமல் என்ன கச்சேரியண்ணை?" என்றான் வின்சன்ட். "எங்கடை பெருநாளுக்கு பாண்ட் வாத்தியம் வராட்டி மாதாவே தேரில ஏறமாட்டா."

"வாயை மூடிக்கொண்டு பலகையைத் தூக்கு," என்றார் அரியம் அண்ணை. "நீ இஞ்சை மேளம் அடிக்க வரேல்லை."

"கேட்டால் அடிச்சுக் காட்டுவன்."

"நீ கோப்பை கழுவத்தான் சரி."

அது உண்மைதான். வின்சன்டுக்கு இரண்டு வேலை. பின்னேரங்களில் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவான். ஐந்து மணியானால் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுவான். அரியம் அண்ணைக்கு அதில் எப்போதும் ஒரு புகைச்சல்.

நாலேகால் இருக்கும். வானில் இருந்த ஒலிப்பதிவுக்காரன் இறங்கி வந்தான். குழுவில் ஒரு வயதான பெண் இருக்கிறாள், பாட்டுக்கு நடுவில் சப்பாத்துக் காலால் பலகையில் தட்டி ஆடுவாள், அந்தச் சத்தம் வேண்டும், மேடைக்குக் கீழே ஒரு மைக் வைக்க வேண்டும் என்றான். கீழே தவழத்தான் முடியும். மெலிந்தவன் வின்சன்ட்.

கையுறையைக் கழற்றிப் பின்பையில் வைத்தான். மைக்கையும் வயரையும் எடுத்துக்கொண்டு குனிந்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணை, பிரியந்தி வருவா. முன்வரிசையில இருத்திவிடுங்கோ. ரிக்கற் எடுத்துக் குடுத்தனான். ஒரு பாட்டெண்டாலும் அவவோட நிண்டு கேட்டிட்டுத்தான் போவன்."

கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அப்போதே அரியம் அண்ணை என்னை வாசலுக்கு அனுப்பினார், கதிரை இறக்க. நான் திரும்பி வர ஐந்து மணிக்கு மேல். ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. ஒலிப்பதிவுக்காரன் வானுக்குள் இருந்தபடி பெருவிரலைக் காட்டினான். கீழே வைத்த மைக் வேலை செய்கிறதாம்.

மேடைக்கு நடுவில் பலகை கொஞ்சம் பதிந்திருந்தது. காலால் மிதித்துப் பார்த்தேன். ஆடியது.

"அண்ணை, இது இறங்கியிருக்கு."

"ராத்திரி மழை. மண் ஈரம். ஒரு கால் புதைஞ்சிருக்கும்," என்றார் அரியம் அண்ணை. தடித்த பலகை ஒன்றைக் கொண்டுவந்து பள்ளத்துக்கு மேலே போட்டு, திருகாணி இறுக்கினார்.

"கீழ பாப்பமோ?"

"நேரமில்லை."

"வின்சன்ட் எங்கை?"

"ஓடிட்டான். மைக்கை வைச்சிட்டு மற்றப் பக்கத்தாலை ஓடியிருப்பான். நாளைக்கு வரட்டும், சொல்லுறன் கதை."

அவனுடைய கைபேசி எங்கள் லொறிக்குள், அவன் கழற்றிப்போட்ட ஜக்கெற்றில் கிடந்தது. அதை நாங்கள் பிறகுதான் கண்டோம்.

வின்சன்டின் மனுசி பிரியந்தி ஐந்தரைக்கு வந்தாள். செயின்ட்-மிஷேலில் இருந்து மெட்ரோ, பஸ் என்று மாறி மாறி வந்திருந்தாள். பச்சைச் சட்டை, தலையில் பூ மாதிரி ஒரு கிளிப். கலியாணம் செய்து நாலு வருடம்.

"எங்கை இவர்?"

"அவன் கோப்பை கழுவப் போட்டான் பிள்ளை," என்றார் அரியம் அண்ணை. "நீ இருந்து பாட்டைக் கேள்."

"நல்ல ஆள்! என்னை இவ்வளவு தூரம் வரச்சொல்லிப்போட்டு தான் ஓடிட்டாரோ?" முகம் சிவந்தது. பிறகு சிரித்தாள். "போகட்டும். அவர் இல்லாட்டி எனக்குச் சந்தோசமா இருக்கத் தெரியாதோ? இருந்து பாருங்கோ, எல்லாரையும் விட நான்தான் பலமாக் கைதட்டுவன்."

முன்வரிசையில் நடுவில் இருத்தினேன். அவள் காலுக்கும் மேடைக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு அடி தூரம்கூட இல்லை.

ஆறு மணிக்குத் தொடங்கியது.

முதல் நாலு பாட்டும் நான் சரியாகக் கேட்கவில்லை. மேடைக்குப் பக்கத்தில் வயர் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது பாட்டுக்கு அந்த வயதான பெண் முன்னுக்கு வந்தாள். அரியம் அண்ணை போட்ட தடித்த பலகையில் ஏறி நின்றாள். பாஞ்சோ வேகமெடுத்தது. சப்பாத்துக் குதியால் பலகையில் அடித்து ஆடினாள். தட தட தட தட. சனம் ஊளையிட்டது.

அவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். வாத்தியங்களும் நின்றன. அது அவர்களுடைய முறை, மூச்சு விடுகிற அளவு ஒரு வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில் கேட்டது.

டக்... டக்...... டக்.

இரண்டு. கொஞ்சம் பொறுத்து ஒன்று.

அவள் பலகையைக் குனிந்து பார்த்தாள். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய வயலின்காரன் தோளைக் குலுக்கினான். அவள் சிரித்துக்கொண்டு அதே மாதிரிக் காலால் தட்டினாள். இரண்டு, பிறகு ஒன்று.

கீழே இருந்து பதில் வந்தது.

டக்... டக்...... டக்.

சனம் எழும்பி நின்றுவிட்டது. ஏதோ புதினமான ஏற்பாடு, மேடைக்குக் கீழே ஒரு மேளகாரனை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். அவள் தட்டுவாள், கீழே தட்டும். அவள் வேகமாகத் தட்டினாள். கீழே இருந்ததும் வேகமாகத் தட்டியது... தட்டத் தட்ட வேகம் கூடியது... பாஞ்சோக்காரன் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசித்தான். நானூறு பேர் அந்தத் தட்டுக்குக் கைதட்டினார்கள். கைதட்டாமல் நின்ற ஒருவரும் இல்லை.

பிரியந்தி சொன்னபடியே செய்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கைதட்டினாள். பாட்டு முடிந்தது. சனம் "ஆன்கோர், ஆன்கோர்" என்று கத்தியது. இவள் தமிழில் கத்தினாள்.

"இன்னொருக்கா! இன்னொருக்கா!"

வயதான பெண் காலால் இன்னொரு முறை கேட்டாள்.

கீழே இருந்து ஒரே ஒரு தட்டு வந்தது. மெதுவாக.

டக்.

எட்டு மணிக்குக் கச்சேரி முடிந்தது. பிரியந்தி என்னிடம் வந்து போட்டு வாறன் என்றாள். போகும்போது நின்று திரும்பினாள்.

"அண்ணை, அந்தத் தட்டு எனக்கு எங்கையோ கேட்டுப் பழகின மாதிரிக் கிடந்தது."

"மேளம்தானே பிள்ளை."

"ஓம், மேளமாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சனம் போய் முடியும்வரை நானும் அரியம் அண்ணையும் மேடை விளிம்பில் இருந்து கோப்பி குடித்தோம். காலை ஆட்டிக்கொண்டு இருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. ஏரித் தண்ணீர் மட்டும் கரையில் அடித்தது. பத்து மணிக்குக் கிட்டக் கழற்றத் தொடங்கினோம். நடுப் பலகையைத் தூக்கினதும் நான் லைற் அடித்தேன்.

வின்சன்ட் மல்லாந்து கிடந்தான். ஒரு இரும்புக் கால் சரிந்து, சட்டம் அவன் நெஞ்சுக்குக் குறுக்கே இறங்கியிருந்தது. கத்துவதற்குக்கூட நெஞ்சில் இடம் இல்லை. இடது கை சட்டத்துக்குக் கீழே. வலது கை... மேலே தூக்கினபடி. விரல்கள் மடிந்து, பலகை இருந்த இடத்தைப் பார்த்தபடி.

மைக் அவன் தலைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"வலிப்பில தூக்கியிருப்பான்," என்றார் அரியம் அண்ணை. "பாத்தியே? வலிப்பில தூக்கியிருப்பான். வேறை ஒண்டும் இல்லை."

வின்சன்டின் தமையன் கிறகரி அன்றிரவே வந்தார். பிரஞ்சு நன்றாகத் தெரிந்தவர். பொலிசோடும் டொக்டரோடும் கதைத்தது எல்லாம் அவர்தான். பிரியந்திக்கு பிரஞ்சு வராது. அவர்கள் சொன்னதைக் கேட்டு, அவளுக்குத் தமிழில் சொன்னார்.

"ஒரு நொடி பிள்ளை. நாலரைக்கே முடிஞ்சுது. அவனுக்கே தெரியாது. ஒரு நோவும் இல்லை."

"உண்மையா நோகேல்லையோ?"

"மாதா மேல ஆணை."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள். கோயிலில் யாரைக் கண்டாலும் அதையே சொன்னாள். "அவருக்கு நோகேல்லையாம். தெரியவே தெரியாதாம்." ஆட்களும் ஓம் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்றேன். அந்தத் தூக்கின கையைப் பற்றி யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. செத்தவன் தட்டமாட்டான். அப்படியானால் தட்டினது வேறு ஏதோ. நான் அப்படி நினைத்துக்கொண்டு படுத்தேன். பேய் என்று நினைக்கிறதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. நம்புவீர்களோ?

பெட்டிக்குள் வின்சன்டைக் கோட் சூட் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். எங்கள் வழக்கப்படி கைக்கு வெள்ளைக் கையுறை, அதில் செபமாலை. கிறகரி தானே நின்று உடுத்திவிட்டாராம், வேறு ஒருவரையும் விடவில்லையாம். வலது கை இடது கையை விடத் தடிப்பாகத் தெரிந்தது. மருந்து ஏற்றினால் வீங்கும் என்று நினைத்தேன்.

பெப்ரவரி மாதம் பிரியந்தி எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, அந்தப் பாட்டுக்காரர் சீடி அனுப்பியிருக்கினம். அட்டையில இவரின்ரை பேர் போட்டிருக்கு. நினைவாப் போட்டிருக்கினமாம். தனிய இருந்து கேக்க ஏலாமல் கிடக்கு. ஞாயிறு வருவியளே?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிறு பின்னேரம் போனேன். ஐந்தரைக்கே இருட்டு. நல்ல பனி கொட்டியது. செயின்ட்-மிஷேலில் அவளுடைய வீடு பேஸ்மென்ற். தெருவில் இருந்து ஏழெட்டுப் படி கீழே இறங்க வேண்டும், அடியில் கதவு. பெல்லை அழுத்தினேன். சத்தம் இல்லை. கையால் தட்டினேன். கனநேரம் திறக்கவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திறந்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. பெல் பழுதாகி மூண்டு வருசம், வீட்டுக்காரன் திருத்தித் தாறான் இல்லை. இவர் தட்டுற மாதிரித் தட்டாட்டி நான் திறக்கிறேல்லை. அப்பிடிப் பழகிட்டுது."

"எப்பிடித் தட்டுவான்?"

அவள் கதவில் தட்டிக் காட்டினாள்.

இரண்டு. கொஞ்சம் பொறுத்து ஒன்று.

சப்பாத்தைக் கழற்றுகிற சாட்டில் படியிலேயே இருந்துவிட்டேன். அவள் இந்தச் சீடியைக் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த 'ஒரு நொடி' போய்விடும். அது போனால் இவள் இருக்கமாட்டாள்.

"பிள்ளை, சீடியை விடு. இன்னொரு நாளைக்குக் கேப்பம். தேத்தண்ணி போடு."

"ஏனண்ணை?"

"அஞ்சாவது பாட்டு மட்டும் வேண்டாம்."

"அஞ்சாவதில என்ன?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் நேரே ஐந்தாவது பாட்டையே போட்டாள்.

பாஞ்சோ. வயலின். சப்பாத்துக் கால். தட தட தட தட. அவள் சோபாவில் இருந்து மெல்லச் சிரித்தாள், அந்த மனுசியை ஞாபகம் இருக்கு என்றாள்.

பிறகு அந்த வெற்றிடம்.

டக்... டக்...... டக்.

மேடைக்குப் பக்கத்தில் நின்றபோது அது பலகைச் சத்தம். சீடியில் அப்படி இல்லை. மைக் அவன் தலைமாட்டில் கிடந்ததல்லவா. மிகக் கிட்டக் கேட்டது. எலும்பு பலகையில் படுகிற சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் முதல், கொஞ்சமாய் ஒரு மூச்சு.

பிரியந்தியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது.

டக்... டக்...... டக்.

"அண்ணை."

"அது மேளம் பிள்ளை."

"இந்தப் பாட்டுக்கு மேளம் இல்லையெண்டு இவர் எனக்குச் சொன்னவர்."

தட்டு வேகமெடுத்தது. கைதட்டல் வேகமெடுத்தது. பாட்டு முடிந்தது. ஆன்கோர், ஆன்கோர். அதற்கு மேலாக ஒரு பெண் குரல், தெளிவாக, சந்தோசமாக...

"இன்னொருக்கா! இன்னொருக்கா!"

அவள் தன் வாயைப் பொத்தினாள்.

டக்.

அவள் பொத்தானை அழுத்தினாள். சீடி நின்றது.

வீடு அமைதியாயிற்று. ஹீற்றர் மட்டும் முனகியது. அடுப்புக்கு மேலே இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. ஆறு மணி ஏழு நிமிடம்.

டக்... டக்......

டக்.

சீடியில் இருந்து இல்லை.

கதவில் இருந்து.

அவள் எழும்பினாள்.

"பிரியந்தி, திறக்காதை."

"இவர்தான்."

"திறக்காதை பிள்ளை!"

அவள் ஓடினாள். பூட்டைத் திருகினாள். சங்கிலியைக் கழற்றினாள். பிடியை இழுத்தாள்.

கதவு அசையவில்லை.

இழுத்தாள்... இழுத்தாள்... வெளியே பாரம் சாத்தி வைத்த மாதிரி இறுகி நின்றது.

"வின்சன்ட்! நான்தான்! நிக்கிறன்!"

கதவைக் கையால் அடித்தாள்.

வெளியே, அந்த அடிக்குச் சரியாக, ஒரு சத்தம்.

பட்.

அவள் அடித்தாள்.

பட்.

இரண்டு முறை அடித்தாள்.

பட். பட்.

யாரோ கைதட்டினார்கள்.

ஒரு ஆள். கதவுக்கு அந்தப் பக்கம். ஆறுதலாக, தாளத்துக்கு, இவள் கதவில் அடிக்க அடிக்கக் கைதட்டினார்கள். வெறும் கை தட்டுகிற கூர்மையான சத்தம் இல்லை. மந்தமாக, துணிக்குள் அடங்கின சத்தம்.

அவள் அழுதுகொண்டு வேகமாக அடித்தாள்.

வேகமாகக் கைதட்டியது.

அவள் களைத்து நிறுத்தினாள். நெற்றியைக் கதவில் வைத்தாள்.

கைதட்டல் நின்றது.

ஒரு மூச்சு.

பிறகு கதவின் மறுபக்கம், அவள் நெற்றி இருந்த உயரத்தில், வின்சன்டின் குரல்... சிரிப்போடு...

"இன்னொருக்கா."

நான் பாய்ந்துபோய்ப் பிடியை இழுத்தேன். கதவு சும்மா வந்தது. விழப் பார்த்தேன்.

ஒருவரும் இல்லை.

படிகளில் பனி முழங்கால் அளவுக்குக் கிட்ட நிறைந்திருந்தது. வழித்து விட்ட மாதிரி மட்டமாக. நான் வந்த காலடிகூட மூடிப்போயிருந்தது. கதவோடு ஒட்டி ஒரு ஆள் நின்றிருந்தால் ஒரு குழியாவது இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை.

பிரியந்தி தரையில் இருந்தாள். அழுகை நின்றுவிட்டது.

"அண்ணை, நான் கேட்டது அவருக்குக் கேட்டதோ?"

"இல்லை. அவன் நாலரைக்கே முடிஞ்சான். உனக்குத் தெரியும்தானே."

"அப்ப அந்தச் சொல்லு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

எங்கள் வீட்டுக்கு வந்து செலீனோடு, என் மனுசியோடு, படு என்றேன். தலையாட்டினாள்.

"இல்லை அண்ணை. இவர் வந்து நிண்டால்?"

அடுத்த நாள் வேலை முடிந்ததும் கிறகரி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பாத முகத்தோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தார்.

"காத்து அடிச்சிருக்கும். பனிக்குக் கதவு இறுகிறது வழமைதானே."

"காத்து கைதட்டுமோ?"

"கைதட்டின சத்தமெண்டு எப்பிடிச் சொல்லுறாய்?"

"கைதட்டல்தான். ஆனா மந்தமான சத்தம். துணி சுத்தின கையால தட்டின மாதிரி. அதுவும் ஒரு கை மற்றதை விடத் தடிப்பு..."

கோப்பையை மேசையில் வைத்தார். தேத்தண்ணி சிந்தினது.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"என்ன சொன்னது?"

"வலன்ரைன், உண்மையைச் சொல்லு. ஆர் சொன்னது? என்னைத் தவிர அதை ஒருத்தரும் காணேல்லை."

எழும்பிப்போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கிப்போயிற்று.

"வலது கை விரல் மொளி எல்லாம் தேஞ்சு போச்சு. எலும்பு தெரிஞ்சது. பஞ்சு வைச்சு, துணி சுத்தி, மேல ரெண்டு கையுறை போட்டனான். மற்றதுக்கு ஒண்டுதான். பிரியந்தி பெட்டிக்குள்ள கையைப் பிடிப்பாள் எண்டுதான் செபமாலையை இறுக்கிச் சுத்தி விட்டனான்."

"நாலரைக்கு முடிஞ்சவனுக்கு..."

"நாலரைக்கு முடியேல்லை."

அவராகவே சொன்னார்.

"டொக்டர் எனக்கு பிரஞ்சில சொன்னது வேறை. நான் அவளுக்குத் தமிழில சொன்னது வேறை. எட்டரை வரைக்கும் உயிர் இருந்ததாம். சட்டம் நெஞ்சில. கத்த ஏலாது. காது கேட்டிருக்கும். எல்லாம் கேட்டிருக்கும். அதை அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லையடா."

எட்டரை.

எட்டு மணிக்குக் கச்சேரி முடிந்தது. எட்டரைக்கு நாங்கள் மேடை விளிம்பில் இருந்து கோப்பி குடித்தோம்.

"அவளுக்குச் சொல்லிப்போடாதை," என்றார் கிறகரி.

நான் சொல்லவில்லை. அவன் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டான். இனி நான் சொல்ல என்ன இருக்கிறது?

ஏப்ரலில் கிறகரி போன் எடுத்தார். பிரியந்தியின் மேல்வீட்டு ஹெயிட்டிக்காரர் முறைப்பாடு சொல்கிறார்களாம். ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மணிக்குப் பிறகு, அந்தப் பிள்ளை வீட்டுக்குள்ளே நின்றுகொண்டு தன் கதவைத் தானே தட்டுகிறதாம். கனநேரம் தட்டுமாம். நிறுத்துமாம். எதையோ கேட்கிற மாதிரி நிற்குமாம். பிறகு திரும்பத் தொடங்குமாம். நாங்கள் இரண்டு பேரும் போய்க் கதைத்தோம். சிரித்துக்கொண்டு தேத்தண்ணி தந்தாள். கையைச் சால்வைக்குள் வைத்திருந்தாள்.

போன ஞாயிறு கோயிலுக்குப் போனேன். மே மாதம். ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள், அவ்வளவு வெக்கை. ஒருவரும் ஜக்கெற்கூடப் போடவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரம் வந்தது. எனக்கு முன்வாங்கில் நின்ற பெண் திரும்பினாள்.

பிரியந்தி.

கையை நீட்டினாள். வலது கைக்கு மட்டும் கையுறை. வெள்ளை.

பிடித்தேன். உள்ளே பஞ்சு சுற்றியிருந்தது. அதற்கு மேலே ஒரு கையுறை இல்லை, இரண்டு.

"சமாதானம் அண்ணை," என்றாள்.